பனையோலைப் பைக்கு விலை வைப்பது எப்படி?

போரில் கணவரை இழந்த பிறகு பனையோலை இழைப்புத்தான் என் தொழில். போன வருடம்வரை ஒரு கைப்பையை 600 ரூபாவுக்குக் கொடுத்தேன். ஒருநாள் மகளின் கொப்பியில் கணக்குப் பார்த்தேன். குருத்தோலை, சாயம், விறகு, பஸ் காசு எல்லாமாக 250 ரூபா. மிச்சம் 350. ஓலை வார, சாயமிட, இழைக்க, விளிம்பு கட்ட 5 மணித்தியாலம். மணிக்கு 70 ரூபா! தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தாலே கூடக் கிடைத்திருக்கும்.

இப்போது என் கூலியை மணிக்கு 200 ரூபா என வைக்கிறேன். கூலி 1,000, செலவு 250. கூலி வேறு, இலாபம் வேறு. பழுதாகும் பைக்கும் அடுத்த முறை ஓலை வாங்கவும் இன்னும் 250 வேண்டும். ஆக, 1,500.

கடையில் வைத்தால் விற்ற விலையில் 25 வீதம் கழிப்பார்கள். எங்களில் பலர் பிழைவிடுவது இங்கேதான். 1,500உடன் 25 வீதத்தைக் கூட்டி 1,875 என்று போட்டால், கழிவு போகக் கைக்கு வருவது 1,406 ரூபாதான். 1,500ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும். கடை விலை 2,000.

விலை கூட என்று சிலர் திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்காகப் பையின் விலையைக் குறைப்பதில்லை. ஒரு மணித்தியாலத்தில் முடிகிற சின்னப் பணப்பைகளை 350 ரூபாவுக்கு இழைத்து வைத்திருக்கிறேன்.