'பரையா': வேரைத் தேடுவோருக்கு

கணினித் துறையில் 'மாஸ்டர் – ஸ்லேவ்' என்ற சொல்லிணை மெல்லக் கைவிடப்பட்டு வருகிறது. 2018இல் பைத்தான் மொழியின் ஆவணங்களில் பல இடங்களில் அது நீக்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல் கிட்ஹப் தன் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளையை 'மாஸ்டர்' என்பதற்குப் பதில் 'மெயின்' என்கிறது. "இந்த மாஸ்டருக்கும் அடிமை முறைக்கும் என்ன தொடர்பு? வேரைப் பாருங்கள்" என்று அப்போது பலர் வாதிட்டார்கள்.

சரி, வேரைப் பார்ப்போம். 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கிலம் ஆளும் 'பரையா' நம் பெயர். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறந்த குடியாக வைக்கிறது. பறை என்னும் இசைக்கருவியிலிருந்து இப்பெயர் வந்தது என்றார் கால்டுவெல். எப்படிப் பார்த்தாலும் வேரில் இழிவு இல்லை.

இழிவை ஏற்றியது சாதி. அதை உலகெங்கும் கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர்கள். 1821இல் பாரிசில் கசிமிர் தெலவீஞ் 'லெ பரியா' என்றொரு நாடகம் போட்டார். யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று மாக்ஸ் வேபர் எழுதினார். காலனிய இந்தியாவின் இயற்கை நூல்களில் தெருநாய் 'பரையா டாக்' ஆனது. பருந்து 'பரையா கைட்' ஆனது. இன்றும் செய்தித்தாள்கள் ஒதுக்கப்பட்ட நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்கின்றன. வேர் தூய்மையாக இருந்தும் நம்மை அது காப்பாற்றவில்லையே!

இந்தப் பெயரைப் பற்றி நமக்குள்ளும் விவாதம் நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்கே 'பறையன்' என்று பெயரிட்டார். அயோத்திதாசப் பண்டிதரோ அது பிறர் சூட்டிய இழிபெயர் என்று மறுத்து, நாம் பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. ஏற்றவரும் மறுத்தவரும் நம்மவர்களே. தன் பெயரைத் தானே தீர்மானிக்கும் உரிமைதான் இருவரின் கோரிக்கையும். அந்த உரிமையை நாளிதழ் அலுவலகமோ அகராதியோ எடுத்துக்கொள்ள முடியாது.

சொல் மாறினால் சாதி ஒழிந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், பருந்தை இன்று பறவை நூல்கள் 'பிளாக் கைட்' என்றே குறிக்கின்றன, யாருக்கும் குழப்பமில்லை. 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுதுவதில் செய்தியாசிரியர்களுக்கு என்ன சிரமம்? அடுத்த முறை அந்தச் சொல்லை அச்சில் கண்டால், ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம்.

ஜெய்பீம்.