துறைமுகம் காத்த வடிகால்

வறுமை என்பது பொருளின்மை மட்டுமன்று. உழைக்க உடல் இடங்கொடாமையும் வறுமையேயாகும். கிள்ளான் வரலாறு இதற்குத் தக்க சான்று.

இன்றைய கிள்ளான் துறைமுகம், சுவெட்டன்காம் துறைமுகம் என்னும் பெயரோடு 1901 செப்டம்பரில் திறக்கப்பெற்றது. அலையாத்திக் காடும் சதுப்பும் சூழ்ந்த அவ்விடத்தில் மலேரியாக் காய்ச்சல் விரைந்து பரவிற்று. நாட்கூலிக்கு உழைப்பவன் படுத்தால், அவன் வீட்டு அடுப்பும் அணையுமன்றோ? மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் காடு வெட்டப்பட்டது. கரை எழுப்பி, வடிகால் தோண்டினர். நகரிலும் துறைமுகத்திலும் மருத்துவமனை சேர்ந்த மலேரியா நோயாளர் 1901-இல் 610 பேர். 1905-இல் 23 பேரே.

ஆப்பிரிக்கத் துறைமுக நகராகிய பிரீடவுனின் கதை வேறு. 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், 1901-இல் அங்கே கொசு ஒழிப்பைத் தொடங்கிவைத்தார். அப்பணி நிலைக்கவில்லை. 1904-இல் ஐரோப்பியருக்கென மலைமேல் தனிக் குடியிருப்பு எழுந்தது. மற்றையோர் கீழேயே வாழ்ந்தனர்.

கிள்ளானில் செலவிடத் தூண்டியது வணிக நலனே எனலாம். ஆயினும் வடிகால், 'இது எவர் வீடு?' என்று கேட்பதில்லை. அதன் எல்லைக்கு அப்பாலிருந்த தோட்டங்களிலோ காய்ச்சல் நீடித்தது. ஏழையை ஒதுக்காது அவன் வாழுமிடத்தையே திருத்தி, திருத்தியதைத் தொடர்ந்து பேணுவதே நகர்ச் சீரமைப்பு என்பதை இவ்விரு துறைமுகங்களும் உணர்த்துகின்றன.