இரண்டு மரமா, மூன்று மரமா

எங்கள் வீட்டுச் சுவரில் நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரு கப்பல் தொங்குகிறது. பழைய தாளிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்ட படம். அடியில் தாய்மாமன் மை பேனாவால் ‘அன்னபூரணி’ என்று எழுதியிருப்பார். அம்மாவுக்குக் கப்பல் தெரியாது, அன்னபூரணி தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடிமேல் ஒரு குங்குமப் பொட்டு. துடைக்காமல் வைத்து வைத்து அது காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது.

மலைமேல் மஞ்சூரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். காரமடைக்கு இறங்க நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து கடல் இன்னும் எத்தனையோ தூரம். இங்கே அலை என்றால் காற்றடிக்கும்போது தேயிலைச் சரிவில் ஓடும் மூடுபனிதான். ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் எல்லோருமே ஒருமுறையாவது கடல் தாண்டியவர்கள். பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். 1974இல் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறியபோது எனக்குப் பதினொரு வயது. அது புகை கக்கும் கப்பல். எனக்குப் பெரிய ஏமாற்றம். மாமன் சொல்லியிருந்ததெல்லாம் பாய்க்கப்பல் கதை.

மாமன் வாலிபத்தில் பருத்தித்துறையில் ஒரு சுருட்டுக் கடையில் இருந்தவர். பக்கத்திலேயே வல்வெட்டித்துறை. அந்த ஊர் ஓடாவிகள் வேம்பை அறுத்து, ஏரா என்ற அடிக்கட்டை போட்டு, வங்கு என்ற விலாக்கட்டை நிறுத்தி, பலகை தைத்துக் கப்பல் கட்டியவர்கள். அவர்கள் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சின்னப் படகொன்றில் ஏற்கெனவே உலகத்தைச் சுற்றி வந்த ஆள் அவர். கப்பல் 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். 1937இல் புறப்பட்டு, சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. கூடப் போன கப்பல் தலைவரான தண்டையலும் மாலுமிகளும் வல்வெட்டித்துறைக்காரர்கள். மாமன் இதைச் சொல்லும்போது அவரே சுக்கான் பிடித்துப் போனது மாதிரி இருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற வருடம், சும்மா இருக்க முடியாமல் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். படத்தைக் கழற்றி, கண்ணாடியை வெந்நீர்த் துணியால் தேய்த்தேன். பொட்டு உரிந்து வந்தது. அதன் அடியில், கப்பலின் பின்புறத்தில், ஒரு பாய்மரம் நின்றது. முன்னால் இரண்டு, இது ஒன்று. மூன்று.

அன்னபூரணிக்கு மரம் இரண்டுதான். அப்படியானால் இது யார்?

மெஷினில் ஒரு சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் எது என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஊட்டி நூலகத்துக்குப் பஸ் ஏறினேன். பேத்தியின் போனிலும் படம் படமாகப் பார்த்தேன். பாய்க்கப்பலை அடையாளம் காண்பது முதல் பாடத்தில் சுலபம். முதலில் மரத்தை எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்திலும் பாய் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கட்டைக்குப் பருமல் என்று பெயர். பருமலிலிருந்து தொங்கும் பாய் குறுக்குப் பாய். மரத்திலிருந்து பின்பக்கமாக, கப்பலின் நெடுக்கே விரிவது நெடுக்குப் பாய். இரண்டு மரத்திலும் குறுக்குப் பாய் இருந்தால் பிரிக். முன்மரத்தில் மட்டும் குறுக்கு, பின்மரத்தில் நெடுக்கு என்றால் பிரிகண்டைன். இரண்டிலும் நெடுக்கு என்றால் ஸ்கூனர். மூன்று மரம் இருந்து, மூன்றிலும் குறுக்கு என்றால் முழுப்பாய்க் கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்கு என்றால் பார்க். நமது கடற்படையின் பயிற்சிக் கப்பல் ‘தரங்கிணி’ பார்க்தான். கோவாவில் கட்டி 1997இல் படையில் சேர்த்தார்கள்.

சுலபம் என்றேன். உண்மையில் அன்னபூரணியைப் பற்றி எழுதியவர்களே ஒருவர் பிரிக் என்கிறார், இன்னொருவர் பிரிகண்டைன் என்கிறார். எழுதுகிறவர்கள் பலருக்கு மேலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லை என்பது என் கட்சி. பாயும் நிரந்தரம் அல்ல. கப்பல் கைமாறினால் புது முதலாளி பருமலைக் கழற்றுவான், மரத்தை வெட்டிக் குறைப்பான். ஆகவே படம் எந்த வருடத்தது என்று தெரியாமல் வகை சொல்வது பாதி வேலைதான்.

பெயரை நம்பினால் இன்னும் மோசம். குளோஸ்டருக்குப் போன அன்னபூரணி, அன்னபூரணியாக அங்கே போய்ச் சேரவில்லை. ராபின்சன் தன் மனைவி பெயரை வைத்து அதை ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கிவிட்டார். அமெரிக்கப் பதிவேடுகளில் அன்னபூரணியைத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இப்படிப் பெயர் தொலைந்த கப்பலில் எனக்கு மிகவும் பிடித்தது ‘திரிங்கோமலி’. 1782இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாக அந்தப் பெயர். கட்டியது இலங்கையில் அல்ல, பம்பாயில்; வாடியா குடும்பத்துப் பார்சி மேஸ்திரி ஜம்செட்ஜி பொமன்ஜி. அதன் வரைபடத்தை இங்கிலாந்திலிருந்து ஏற்றி வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் வழியிலேயே பிடித்து எரித்துவிட்டார்கள். வேறு வரைபடம் வந்து, 1817 அக்டோபரில்தான் கப்பல் தண்ணீரில் இறங்கியது. 1897க்குப் பிறகு ஒருவர் வாங்கி ‘ஃபுட்ராயண்ட்’ என்று பெயர் மாற்றினார். ஏறக்குறைய தொண்ணூறு வருடம் அந்தப் பெயரோடு பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கப்பலாகக் கிடந்து, 1992இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இருநூறு வருடம் மிதப்பதற்குக் காரணம் மலபார்த் தேக்கு. ஓக் மரத்தில் உள்ள புளிப்பு இரும்பு ஆணியைத் தின்றுவிடும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஆணி துருப்பிடிக்காமல் கிடக்கும். முப்பது வருடம் போல்ட்டோடும் நட்டோடும் குடும்பம் நடத்தியவனுக்கு இதன் அருமை தெரியும். பாய்மரத்துக்கு நம் மேற்கு மலையின் புன்னை இனத்து மரத்தை வெட்டினார்கள். நேராக, கணுவில்லாமல் ஓங்கி வளரும் மரம் அது. கப்பல்காரர்களின் ஆங்கிலத்தில் அதற்குப் ‘பூன்’ என்றே பெயர். நம் புன்னைதான் கரையேறியதும் பாதியாகிவிட்டது.

இங்கேதான் மலைக்காரன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம். எங்கள் குந்தா மலைத்தொடர் மேற்கே செங்குத்தாக விழுந்தால், அமைதிப் பள்ளத்தாக்குக்கும் அப்பால் கிடப்பது நிலம்பூர். கப்பல் பட்டறைகளுக்கு வெட்டி வெட்டிக் காடு மொட்டையானதால், மலபார் கலெக்டர் கனோலி 1840களில் அங்கே தேக்குத் தோட்டம் போட்டார். கையோடு நின்று நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். தேக்கு முற்ற இரண்டு தலைமுறையாவது ஆகும். கன்றுகள் இளமரமாகி நின்ற 1860இலேயே ஆங்கிலேயர் ‘வாரியர்’ என்ற இரும்புப் போர்க்கப்பலை இறக்கிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அந்தக் குறுக்கு வழி நீராவிக்குத் தோதானது, பாய்க்கு அல்ல. கப்பலுக்காக நட்ட காடு மரக்கப்பல்களின் காலம் போன பிறகே முதிர்ந்து, இன்று சுற்றுலாக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க நிற்கிறது.

பாய்ச்சீலை மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றுவது படங்கு. அகராதியில் படங்கு என்றால் கித்தான் துணி, பாய் தைக்கிற துணி. அம்மா முப்பது வருடம் அதைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றிருக்கிறாள். காற்று வந்தால் அதுவும் புடைக்கும்.

பெயர் மட்டும் மிஞ்சிக் கப்பல் காணாமற்போன கதையும் உண்டு. 1836 வாக்கில் நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த ஒரு வெண்கலப் பாத்திரத்தை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தார். பாத்திரம் அல்ல, உடைந்த கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்து. முகையத்தீன் பக்சு என்பவரது கப்பலின் மணி என்பது அதன் பொருள். மணி இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தை வாசித்துவிட்டார்கள். அது தொங்கிய கப்பல் எத்தனை மரத்தது, எந்தக் கரையில் கட்டியது, அவ்வளவு தெற்கே எப்படிப் போனது? மணியில் அதெல்லாம் வெட்டியிருக்கவில்லை.

என் படத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மரத்திலும் பருமல் இருக்கிறது. பொட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த மூன்றாவதில் நெடுக்குப் பாய். ஆகவே பார்க். கப்பலின் முன்முனையான அணியத்தில் பெயர் இல்லை. கொடி தாள் மடிப்பில் போய்விட்டது. மாமன் கையில் கிடைத்த ஏதோ ஒரு படத்துக்குத் தன் மனசிலிருந்த கப்பலின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ப் பதினெட்டு வருடமாகிறது.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். “இது அன்னபூரணி இல்லம்மா, மரம் மூணு இருக்கு.”

கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “எழுதியிருக்கேடா, ஒன் மாமன் பொய்யா எழுதுவான்?” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பஜாரிலிருந்து திரும்பியபோது பொட்டு வந்துவிட்டிருந்தது. பழைய இடத்திலேயே, மூன்றாவது மரத்தின்மேல்.