கள்ளியின் மெழுகும் இதழின் வண்ணமும்

உதட்டிற்குச் செம்மை ஊட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. ஆயினும், சிறு குழலிலிருந்து திருகி உயர்த்திப் பூசிக்கொள்ளும் லிப்ஸ்டிக் இருபதாம் நூற்றாண்டின் படைப்பாகும். அத்தகைய திருகு குழலுக்கு ஜேம்ஸ் புரூஸ் மேசன் என்பார் 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். குழல் அமைந்துவிட்டால் மட்டும் போதாது. அதனுள் இருக்கும் வண்ணம் வெயிலில் உருகாமலும், குளிரில் ஒடியாமலும் கோலாக நிற்கவேண்டும். அவ்வாறு நிற்கச் செய்வது மெழுகு. அந்த மெழுகின் வரலாறு நம்மைத் தொலைதூரத்துப் பாலைநிலம் ஒன்றிற்கு அழைத்துச் செல்கிறது.

லிப்ஸ்டிக்கில் எண்ணெய், மெழுகு, நிறப்பொருள் என்ற மூன்றும் முதன்மையானவை. எண்ணெய்களுள் நெடுங்காலமாகச் சிறப்பிடம் பெற்றது ஆமணக்கெண்ணெய். உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாவே. அதிலும் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. ஓடும் இயல்புடைய அவ்வெண்ணெயைக் கட்டிப்பிடித்து வைக்கும் பணி மெழுகினுடையது. தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். காண்டெலில்லா என்னும் செடியின் மெழுகு 70 பாகையளவிலும், கார்னோபா என்னும் பனையின் மெழுகு 82 பாகைக்கு மேலும் உருகும். வெப்ப நாடுகளிலும் கோல் வளையாமல் நிற்க இவை துணைபுரிகின்றன. இதழுக்கு மினுமினுப்பையும் தருகின்றன.

இவற்றுள் காண்டெலில்லா, வட மெக்சிக்கோவிலும் அதை அடுத்த டெக்ஸஸ் மாநிலத்திலும் பரந்துள்ள சிவாவா பாலையில் வளர்வது. நம் ஊர் வேலிகளில் காணும் திருகுகள்ளியின் இனத்தது; இலையற்ற மெல்லிய தண்டுகள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். 'சிறு மெழுகுவர்த்தி' என்பதே அதன் ஸ்பானியப் பெயரின் பொருள். மழையற்ற காலத்தில் உடலின் நீர் ஆவியாகாதபடி அது தன் தண்டின்மேல் மெழுகைப் போர்த்திக்கொள்கிறது. தாவர நூலார் காண்டெலில்லாவையும் ஆமணக்கையும் ஒரே குடும்பத்தில் வைப்பர். ஆகவே, குஜராத்தின் எண்ணெயும் மெக்சிக்கோவின் மெழுகும் ஒரு லிப்ஸ்டிக்கில் கூடும்போது, தூரத்து உறவினர் இருவர் சந்திக்கின்றனர் எனலாம்.

இம்மெழுகைத் தொழிலாக எடுக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். டெக்ஸஸ் எல்லையில் கிளென் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர் மெழுகு ஆலையொன்றைச் சுற்றி வளர்ந்தது. மெக்சிக்கோவின் புரட்சிக் காலத்தில், 1916 மே 5-ஆம் நாளிரவு, எல்லை கடந்து வந்த கூட்டத்தினர் அவ்வூரைத் தாக்கினர். உலகப் போர்க்காலங்களில் கூடாரத் துணிகளில் நீர் புகாதிருக்கவும் இம்மெழுகு வேண்டப்பட்டது. பின்னர் மெக்சிக்கோ அரசு மெழுகு வாணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்தபோது, விலை போதாத ஏழைகள் பலர் கழுதைகளின்மேல் மெழுகை ஏற்றி, ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து, அக்கரையில் மறைவாக விற்றனர்.

மெழுகெடுக்கும் முறை இன்றளவும் பெரிதும் மாறவில்லை. செடிகளைக் கையால் பிடுங்கிக் கட்டுகளாகக் கழுதைமேல் கொண்டுவருவர். இரும்புத் தொட்டியில் நீரையும் சிறிது கந்தக அமிலத்தையும் சேர்த்து அவற்றைக் கொதிக்க வைப்பர். நுரையாக மேலெழும் மெழுகை வழித்தெடுத்து ஆறவிடுவர். சாறிழந்த தண்டுகளே உலர்ந்தபின் அடுத்த தொட்டிக்கு விறகாகும். அமில ஆவியைச் சுவாசிப்பதும், கொப்புளங்களைத் தாங்குவதும் அத்தொழிலாளரின் நாள்தோறும் உள்ள பங்கு. கந்தக அமிலத்திற்கு மாற்றாக, எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலத்தைக் கொண்டு மெழுகெடுக்கும் முறையும் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது.

இங்கேதான் சிந்திக்கவேண்டிய செய்தி எழுகிறது. தாவர மெழுகு என்றாலே இயற்கைக்குத் தீங்கற்றது என்று நாம் எண்ணிவிடுகிறோம். காண்டெலில்லாவோ வேரோடு பறிக்கப்படுகிறது. வேர்த்துண்டு மண்ணில் எஞ்சினால் அது மீண்டும் தளிர்க்கும். ஆயினும் பழைய அளவை எய்தப் பல ஆண்டுகள் ஆகும். உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கை 1975-இல் நடைமுறைக்கு வந்தபோது, இச்செடியும் கண்காணிக்கப்படும் பட்டியலில் இடம்பெற்றது. முதிர்ந்த செடிகளையே பறிக்கவேண்டும், ஒரு பகுதியை விட்டுவைக்கவேண்டும் என்று மெக்சிக்கோவும் விதி செய்துள்ளது.

பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னோபாப் பனையின் நிலை வேறு. கோடையில் ஓலைகளை மட்டும் வெட்டி, உலர்த்தி, அடித்து மெழுகுத் தூளை உதிர்க்கின்றனர், மரம் வாழ்கிறது. ஆனால் அங்கு ஓலை வெட்டுவோர் சிலர் தூய குடிநீரும் தங்கக் கூரையுமின்றி, அடிமைகள் போல் உழைப்பதை 2017-இல் ஜெர்மன் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. மரம் வாழ்ந்தும் மனிதன் வாடினான்.

எனவே ஒரு மெழுகு செடியிலிருந்து வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. செடி மீண்டும் தழைக்க இடம் விடப்பட்டதா, அதைப் பறித்த கைக்கு உரிய கூலி கிடைத்ததா என்றும் கேட்கவேண்டும். பாலையின் கள்ளி தன் உயிரைக் காக்கச் சுரந்த போர்வையை நாம் அழகிற்காகக் கடன் வாங்குகிறோம். கடன் கொடுத்தவர் பிழைத்திருக்கும் வரையில்தான் மேலும் கடன் கிடைக்கும்.