சமையலறை வழியாகப் புகுந்த இரசாயனவியல்

இரசாயனவியல் ஆய்வுகூடம் இரசாயனவியலாளரை ஆக்குவதற்கு மட்டுமே உரியதா என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், இவ்வினாவுக்குச் செயலால் விடை காண முயன்றவர் எலன் சுவலோ றிச்சேட்ஸ் அம்மையார்.

1870 இல் வாசர் கல்லூரியிற் பட்டம் பெற்ற இவர், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் விசேட மாணவியாக அனுமதிக்கப்பட்டு, 1873 இல் அங்கு பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். அவரிடம் கட்டணம் அறவிடப்படவில்லை. அதனை அவர் சலுகையென்றே எண்ணினார். பெண்ணொருத்தி முறையான மாணவியாகக் கணிக்கப்படாதிருக்கவே நிறுவகம் அவ்வாறு செய்ததெனப் பின்னரே அறிந்தார்.

1876 இல், பொஸ்ரன் பெண்கள் கல்விச் சங்கத்தின் பொருளுதவியோடு, அந்நிறுவகத்திற் பெண்களுக்கான ஆய்வுகூடமொன்று திறக்கப்பட்டது. பேராசிரியர் ஜோன் ஓட்வேயின் பொறுப்பில் இயங்கிய அதில் அம்மையார் ஊதியமின்றிக் கற்பித்தார். பயின்றோரிற் பலர் பாடசாலை ஆசிரியைகள்; இரசாயனவியலைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. அத்தகையோருக்கு அன்றாடப் பொருள்களே பாடமாகத்தக்கன என்பது அம்மையாரின் கொள்கை. 1882 இல் சமையலினதும் துப்புரவாக்கலினதும் இரசாயனம் பற்றி அவர் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. அப்பச்சோடா அமிலத்தோடு சேருங்கால் வெளிவரும் காபனீரொட்சைட்டே மாவைப் பொங்கச் செய்கின்றது. வன்னீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தை வீணாக்குகின்றன. இவற்றை அறிந்தவள் கடைக்காரனின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

இம்முறை பெண்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. 1883 இல் அவ்வாய்வுகூடம் மூடப்பட்டது; பெண்கள் ஏனைய மாணவரோடு பயில வழி பிறந்தமையே காரணம். மறு ஆண்டு சுகாதார இரசாயனவியற் போதனாசிரியராக நியமனம் பெற்ற அம்மையார், 1887 இல் தொடங்கிய மாநில நீராய்வில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பகுத்தாராயும் பணியை நடத்தினார். கடலிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் நீரின் இயல்பான குளோரைட்டளவு குறைதலைக் காட்டும் படமொன்று அதன் பயனாக உருவாயிற்று. ஓரிடத்தில் அவ்வளவு மிகுந்திருப்பின் கழிவுநீர் கலந்திருத்தல் கூடும் என ஐயுறலாம். நீரையும் காற்றையும் பரிசோதிக்கும் இக்கலையைப் பொறியியல் மாணவரும் அவரிடம் கற்றனர்.

எனினும் இதற்கொரு மறுபக்கமுண்டு. 1899 இல் லேக் பிளசிட்டிற் கூடிய மாநாட்டின் வழியே வளர்ந்த மனையியல், பெண்களுக்கு விஞ்ஞானத்தைத் தந்தது போலவே, பிற விஞ்ஞானத் துறைகளினின்று அவர்களை ஒதுக்கவும் பயன்பட்டது. பயன்பாட்டை முன்னிறுத்தும் பாடத்திட்டம் யாருடைய பயன்பாட்டை யார் தீர்மானிப்பது என்பதையும் கேட்டிருக்க வேண்டும். அம்மையாரோ 1911 இல் இறக்கும்வரை அந்நிறுவகத்திற் போதனாசிரியராகவே இருந்தார். பேராசிரியர் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை.