மூன்று பத்திக் கணக்கு

குடியை விட்டவர்கள் தங்கள் கோபங்களைப் பட்டியலிட்டு எழுதும் தாளின் முதல் வடிவம் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது. 1934 டிசம்பர், நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனை. கட்டிலில் கிடந்தவர் பில் வில்சன், பங்குச் சந்தை ஆள். பக்கத்தில் பள்ளித் தோழர் எபி தாச்சர். வில்சன் யார் யாரைப் புண்படுத்தினார், யார் யார் மேல் வன்மம் வைத்திருக்கிறார் என்று இருவருமாக ஒரு பட்டியல் போட்டார்கள்.

யோசனை எபியுடையதல்ல. ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் பாதிரியார் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவில் அவர் கற்றது. முழு நேர்மை, முழுத் தூய்மை, முழுத் தன்னலமின்மை, முழு அன்பு என்ற நாலு அளவுகோலால் தன்னை அளந்து, குறைகளை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேற்றுவரை குடித்தவனுக்கு அந்த 'முழு'வே பெரிய மிரட்டல்!

வில்சன் அதைத் தன் தொழிலின் பக்கம் இழுத்துவிட்டார். 1925இல் மனைவி லோயிஸோடு, பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கம்பெனிகளின் உண்மை நிலவரத்தைத் துருவியவர் அவர். 1938 டிசம்பரில் குடியை விடுவதற்கான பன்னிரண்டு படிகளை எழுதியபோது, நான்காம் படியில் தன்னைத்தானே இருப்பெடுக்கச் சொன்னார். சரக்கிருப்பைப் பார்க்காத கடை திவாலாகும் என்பதுதான் அவர் சொன்ன நியாயம். பாவமன்னிப்பு கேட்கக் கூசுகிறவன்கூடக் கணக்குப் பார்க்க உட்காருவான்.

அந்தப் படிகளை விளக்கி 1939 ஏப்ரலில் வந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' புத்தகத்தில் இந்த இருப்பெடுப்புக்கு ஒரு மாதிரி அட்டவணை உண்டு. பத்திகள் மூன்று: யார் மேல் கோபம், எதனால், அது எனக்குள் எதைத் தொட்டது. அதை நிரப்பியிருக்கும் ஆசாமியைக் கவனியுங்கள். பிரவுன் மேல் கோபம். ஒரு காரணம், இவனுடைய கள்ளத் தொடர்பை மனைவியிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். முதலாளி மேல் கோபம். குடிக்காகவும், செலவுக் கணக்கில் கூட்டி எழுதியதற்காகவும் வேலையை விட்டுத் தூக்குவேன் என்கிறார். அடுத்தவர்மேல் புகார் எழுத உட்கார்ந்தவன், தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் தெரியாமலே. என் பார்வையில் மொத்தப் புத்தகத்திலும் சாமர்த்தியமான பக்கம் இதுதான்.

என் தப்பு என்ன என்ற கேள்விக்கு அட்டவணையில் பத்தியே இல்லை. எல்லாப் புகாரையும் கொட்டி முடித்தபின், ஓரிரு பக்கம் தள்ளித்தான் அது வருகிறது: மற்றவர் செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு உன் பங்கைப் பார். ஐந்தாம் படியில் அதையெல்லாம் இன்னொரு மனிதரிடம் சொல்லியாக வேண்டும். தனக்குத்தானே படித்துக்கொண்டால் சமாதானம் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறதே.

பிறகு தாள் சிகிச்சை மையங்களுக்குள் நுழைந்தது. மின்னசோட்டாவில் 1949இல் தொடங்கிய ஹேசல்டன், பன்னிரண்டு படிகளைச் சிகிச்சைத் திட்டமாகவே ஆக்கியது. அங்கே பயிற்சி பெற்ற சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய்க்கு நம் ஊரில் தனிச் சிகிச்சை அபூர்வமாக இருந்த காலம்.

இன்று புழங்கும் பல தாள்களில் 'என் பங்கு' என்று நான்காவது பத்தியையும் முதலிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் கடைசிக் கேள்வி கண்ணில் பட்டுவிட்டால், பிரவுனைப் பற்றி எழுதும்போதே கை ஜாக்கிரதையாகிவிடாதா? நானாக இருந்தால் பழைய மூன்று பத்தித் தாளைத்தான் கொடுப்பேன்.