விலை பேசும்போது 'கட்' ஆகும் நெட் கால்: பிளானை மாற்றும் முன்பு கோளாறு எங்கே என்று பாருங்க

திருப்பூர்,

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் திருப்பூரில் சாயங்காலம் 6.30 மணி. குளிர்காலத்தில் 7.30. அமெரிக்க பையர் ஆபீசுக்கு வந்து உட்காரும் அந்த நேரத்தில்தான் இங்கே வீட்டில் டி.வி. ஓடும், பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்திருப்பார். வீட்டில் இருந்தபடி பையரிடம் பேசும் மெர்ச்சண்டைசர்களுக்கு தினமும் இதே தலைவலிதான். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்பதற்குள் கால் கட்.

இது சின்ன விஷயம் இல்லை. பீசுக்கு 5 சென்ட் குறைக்கச் சொன்னாரா, 15 சென்ட் என்றாரா என்று காதில் விழாமல் போனால், ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் வித்தியாசம் 10 ஆயிரம் டாலர். மறுநாள் முதலாளிக்கு பதில் சொல்ல வேண்டியது மாத சம்பளக்காரர்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது பனியன் கம்பெனி ஆபீஸ் வேலைகள் பலவும் வீட்டுக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பரில் பி.பி.ஓ., கால் சென்டர் கம்பெனிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளை மத்திய தொலைத்தொடர்பு துறை தளர்த்தியது. வீட்டில் இருந்து வேலை பார்ப்பது அதன் பிறகு சகஜம் ஆகிவிட்டது. ஏற்றுமதிக்காரர்கள் வருடக்கணக்கில் பேசி வந்த ஸ்கைப் 2025 மே 5-ந் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது வாட்ஸ்அப், டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் என்று ஓடுகிறது.

ஸ்பீடு கூட்டினால் தீருமா?

கால் கட் ஆனதும் பலர் செய்வது, கூடுதல் பணம் கட்டி பெரிய பிளானுக்கு மாறுவது. பெரும்பாலும் அது வீண் செலவு. ஒருவர் பேசும் குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூட தேவைப்படாது. 100 எம்.பி. பிளானில் கணக்குப்படி ஆயிரம் பேர் பேசலாம்.

தேவைப்படுவது வேகம் அல்ல, சீராக வருவதுதான். நெட்டில் போகும் குரல் சின்னச் சின்ன துண்டுகளாக, பெரும்பாலும் நொடிக்கு 50 துண்டுகளாக போகிறது. சினிமா என்றால் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டும். பேச்சில் அது நடக்காது. கட்டிங்கில் ஒரு கை பீஸ் விட்டுப்போனால் பின்னால் வாங்கி தைத்துக்கொள்ளலாம். குரலில் ஒரு துண்டு லேட்டாக வந்தால் அது குப்பைதான். நிறைய துண்டு வராமல் போனால் கால் அறுந்துவிடும்.

கோளாறு வீட்டிலா? வெளியிலா?

முதலில் பார்க்க வேண்டியது இது. லேப்டாப்பில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கருப்பு ஜன்னலை இரண்டு முறை திறக்க வேண்டும். ஒன்றில் 'பிங்' கட்டளையும் ரவுட்டரின் நம்பரும் கொடுக்க வேண்டும். பல ரவுட்டரில் அது 192.168.1.1. அடுத்ததில் அதே கட்டளையோடு 8.8.8.8. இரண்டிலும் கடைசியில் ஒரு கோடு போட்டு 'டி' சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு பேசுங்க. கால் கட் ஆகும்போது ரவுட்டர் ஜன்னலிலும் 'டைம்டு அவுட்' என்று வந்தால் வீட்டு வைபைதான் குற்றவாளி. ரவுட்டர் ஒழுங்காக பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப்பக்கம், லைனில். கஸ்டமர் கேரிடம் சண்டை போட இந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றே போதும்.

லைன் வீடு வைபை

திருப்பூரில் லைன் வீடுகள் அதிகம். ஒரே காம்பவுண்டில் பத்து வீடு, பத்து ரவுட்டர். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடினால் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். அந்த அலையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பத்து வீட்டுக்கு மூன்று பாதை என்றால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்ற வேண்டும். அது சுவரைத் தாண்டி அதிகம் போகாது என்பதால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார வேண்டும். எல்லாவற்றையும் விட நல்ல வைத்தியம், ரவுட்டரில் இருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு லேன் ஒயர் இழுப்பது. செலவு சில நூறு ரூபாய்தான்.

சில வீடுகளில் ரவுட்டர் இரும்பு பீரோவுக்கு பின்னால் கிடக்கிறது. அங்கே இருந்தால் சிக்னல் எப்படி வரும்? பைபர் ஒயரையும் பீரோ இடுக்கில் மடக்கி நசுக்கக் கூடாது. உள்ளே ஓடுவது வெளிச்சம். மடிந்த இடத்தில் அது கசிந்துவிடும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்கு லைன்மேன் வந்தால்தான் ஆகும்.

கரண்டும் ஒரு காரணம். ஒரு வினாடி கரண்ட் போய் வந்தாலே ரவுட்டர் அணைந்து மறுபடி உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் பிளக் அதில் சேராமல் இருப்பது உண்டு. 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, பேசிக்கொண்டே டிசைன் பைலை மெயிலில் ஏற்றுவது. பெரிய பைல் மேலே ஏறும்போது குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பைலை முன்னாடியே அனுப்பிவிடுங்க.

எத்தனையாவது நிமிடத்தில் கட் ஆகிறது?

எப்போதும் 40-வது நிமிடத்தில் ஜூம் நின்றால் அது கோளாறே இல்லை. இலவச கணக்குக்கு அவ்வளவுதான் நேரம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ பேசினால் இலவசம் ஒரு மணி நேரம். இது தெரியாமல் ரவுட்டரை மாற்றினால் காசுதான் போகும். கம்பெனி கொடுத்த ஐ.பி. போன் சுமார் 32 நொடியில் கட் ஆனால் ரவுட்டர் செட்டிங்கில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்பதை ஆப் செய்து பார்க்கலாம்.

செல்போனில் பேசுபவர்கள் பேட்டரி சேவரை நிறுத்த வேண்டும். இரண்டு சிம் உள்ள பல போன்களில், ஒரு சிம்மில் சாதாரண அழைப்பு வந்தால் மற்ற சிம்மின் நெட் நின்றுவிடும். பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தால், வைபையில் இருந்து மொபைல் நெட்டுக்கு தாவும்போதும் அறுந்துபோகும்.

துபாய் பையரா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வாய்ஸ் காலுக்கு தடை உள்ளது. அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேச முடியும். போட்டிம், டீம்ஸ், ஜூம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே வாட்ஸ்அப்பில் ரிங் போய் பேச்சு வரவில்லை என்றால் இங்கே ரவுட்டரை தட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

சில நேரம் கோளாறு கடலுக்கு அடியில் இருக்கும். 2025 செப்டம்பர் 6-ந் தேதி செங்கடலில் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தன. இந்தியா, பாகிஸ்தான் உள்பட பல நாடுகளில் நெட் மந்தமானது. அந்த மாதிரி நாளில் உள்ளூர் ஆட்களோடு பேச்சு நன்றாக இருக்கும், வெளிநாட்டு கால் மட்டும் இழுக்கும். ஐரோப்பிய பையரிடம் அன்றைக்கு வீடியோவை அணைத்துவிட்டு குரல் மட்டும் பேசுவது நல்லது.

லைன் கோளாறுதான் என்று உறுதியானால் புகார் எண் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். சரி செய்யவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அதுவரைக்கும் பிராட்பேண்ட் ஒரு கம்பெனி, செல்போன் சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொண்டால், லைன் போனதும் ஹாட்ஸ்பாட் போட்டு பேச்சை விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.